பட்டு நெய்யும் கையும் பசித்த வயிறும்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், வேலூரையும் கண்ணமங்கலத்தையும் ஆரணி ரோடு ஸ்டேஷனையும் தாண்டிய பிறகு போளூர் வரும். மேற்கே ஜவ்வாது மலைத் தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும். ஊரை ஒட்டிச் சம்பத்கிரி மலை; அதன் மேல் லக்ஷ்மி நரசிம்மர் கோயில். கிழக்கே போனால், சமணப் பெரியோர்கள் வாழ்ந்த திருமலை. அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதர் ஐம்பது அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நின்று, போகிற வருகிறவர்களை மௌனமாகப் பார்த்துக் கொண்டிருக்கிறார். சமணர்கள் சிறப்பித்துச் சொல்லும் நான்கு தானங்களில் முதலாவது அன்னதானம் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இந்தப் பிரதேசத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று ஆரணிப் பட்டு. மற்றொன்று ஆரணி அரிசி. கல்யாண முகூர்த்தத்துக்கு எடுக்கும் புடவையும் இங்கிருந்து போகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறும் சாதமும் இங்கிருந்து போகிறது. பட்டும் சோறும் ஒரே சீமையில் உண்டாகிறதென்றால், அந்தச் சீமையில் பசி என்ற வார்த்தைக்கு இடம் ஏது என்று தோன்றும் அல்லவா? நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

போளூர்ப் பக்கத்து நெசவாளர் தெரு ஒன்றில் நடந்து கொண்டிருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் தயங்கி நின்றோம். உள்ளே தறிக்குழியில் கால்களைத் தொங்க விட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நெய்து கொண்டிருந்தார். நாடா இப்படியும் அப்படியும் ஓடிக் கொண்டிருந்தது. அவருடைய மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பெரியவர் தறியை நிறுத்தி, "வாங்க ஐயா, உட்காருங்க" என்று உபசரித்தார்.

"ஒரு புடவை நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் ஐயா?" என்று கேட்டோம்.

"கரையைப் பொறுத்துங்க. பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்."

"இவ்வளவு நெல் விளைகிற ஊரில் உங்களுக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் ஒன்றும் வராதே?"

பெரியவர் சிரித்தார். "நெல்லு விளையாத வருஷம் குடியானவனுக்குக் கஷ்டம். அந்த வருஷம் எங்களுக்கும் கஷ்டந்தான். ஆனா நெல்லு விளைஞ்சும் புடவை விக்காத வருஷம்னு ஒண்ணு இருக்கு. அது எங்களுக்கு மட்டும் வர்ற பஞ்சம். எங்களுக்கு ரெண்டு பஞ்சம் ஐயா!"

பொருளாதார சாஸ்திரிகள் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதி நிரூபித்திருக்கும் ஓர் உண்மையை அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் நாடாவைக் கையில் எடுத்துக் கொண்டார். உலகத்தில் பசியை ஒழிப்பதற்காகப் பல தேசத்து ஜனங்கள் நூற்றைம்பது வருஷ காலமாகச் செய்து வரும் முயற்சிகளைப் பற்றி இங்கே சொல்லப் போகிறோம். அந்த வரலாற்றைப் புரிந்து கொள்வதற்கு இந்த "இரண்டு பஞ்ச"த் தத்துவத்தைக் காட்டிலும் நல்ல திறவுகோல் வேறு கிடையாது.

தாது வருஷம்

நம் பாட்டிமார்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லக் கேட்டவர்கள் முந்திய தலைமுறைகளில் ஏராளம். 1876-ம் வருஷத்தில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சென்னை மாகாணத்தின் ஜில்லாக்கள் பலவற்றில் ஏரிகள் வறண்டன. போளூரும் ஆரணியும் அடங்கிய வட ஆற்காடு ஜில்லாவும் அவற்றில் ஒன்று. 1878 வரையில் நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் லட்சக் கணக்கில் அல்ல, கோடியில் பாதி என்ற கணக்கில் இருக்கும் என்று சரித்திராசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஜனங்கள் இவ்விதம் மடிந்து கொண்டிருந்த 1877-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்வதற்காக லிட்டன் பிரபு டில்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். அதே மாதத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி சென்னைக்கு வந்து, பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆண் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் மிகச் சொற்பக் காசும் போதும் என்று விதித்தார். மாகாண சுகாதார கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், கல் உடைத்து மண் சுமக்கும் மனிதன் இதைத் தின்று உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். சில மாதங்கள் சென்ற பிறகுதான் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் போயினரோ!

நெசவாளிகளின் கதி அப்போது என்னவாயிற்று? தானியம் விலை ஏறியதும் ஜனங்கள் முதலில் நிறுத்தியது துணி வாங்குவதைத்தான். சோற்றைத் தள்ளிப் போட முடியாது. புடவையைத் தள்ளிப் போடலாம் அல்லவா? ஆகவே, உழவனிடம் பஞ்சம் வந்து சேருவதற்கு முன்னாலேயே தறிக்காரன் வீட்டுக்கு அது வந்துவிட்டது. மண் வெட்டிப் பழக்கமில்லாத கைகள் அவர்களுடையவை. வெட்டிப் பழகினாலோ, பிறகு மெல்லிய இழையைத் தொடும் நேர்த்தி போய்விடும். ஆகையால் நெசவாளிக்கு அவனுடைய தொழிலிலேயே வேலை கொடுத்து, நூலை முன்பணமாகத் தந்து, நெய்த துணியைச் சர்க்காரே வாங்கிக் கொள்ளும் ஏற்பாடு அந்தப் பஞ்ச காலத்தில் கையாளப்பட்டது. பின்னால் எழுதப்பட்ட பஞ்ச நிவாரணச் சட்ட விதிகளிலும் நெசவாளிகளுக்கென்று தனி இடம் ஏற்பட்டது. அந்தப் பெரியவரின் இரண்டாவது பஞ்சத்தைச் சர்க்கார் காகிதங்கள் அன்றே ஒப்புக் கொண்டுவிட்டன என்று அர்த்தம்.

கடல் கடந்து வந்த காசு

அதே 1877-ல்தான் உலக சரித்திரத்திலே குறிப்பிடத்தக்க மற்றொரு காரியம் நடந்தது. ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் பொதுக் கூட்டம் கூடி, லண்டன் மாநகர மேயருக்குத் தந்தி மூலம் அபயக் குரல் விடுத்தார்கள். லண்டன் மேயரின் இல்லமான மான்ஷன் ஹவுஸில் நிதி திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்தும் ஆஸ்திரேலியாக் குடியேற்றங்களிலிருந்தும் பல லட்சம் பவுன் வந்து குவிந்தது. கை விளக்கேந்திய காரிகை என்று புகழ்பெற்ற பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் தென்னிந்தியாவின் பசியைப் பற்றி எழுதி ஆங்கில ஜனங்களின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பினார்.

சென்னையில் அந்த நிதியை நிர்வகித்த கமிட்டிக்குக் கௌரவக் காரியதரிசியாயிருந்தவர் வில்லியம் டிக்பி என்னும் பத்திரிகாசிரியர். பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1878-ல் வெளியிட்டவரும் அவரே. விதை வாங்கவும் மாடு வாங்கவும் உழவர்களுக்குப் பணம், இடிந்த குடிசைகளுக்குக் கூரை, அனாதைக் குழந்தைகளுக்குப் போஷணை, மானத்துக்கு அஞ்சி நிவாரண முகாமுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே வாடியவர்களுக்கு உதவி என்று அந்த நிதி செலவாயிற்று. இந்தத் தனியார் நிதி லிட்டன் பிரபுவுக்கு ஆதியில் பிடிக்கவில்லை. சர்க்கார் செய்யத் தவறியதை ஊரார் செய்தால், தவறு வெளிச்சமாகிவிடும் அல்லவா?

கடல் கடந்த காசை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டியதுதான். ஆயினும் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறி வெளியே போய்க் கொண்டுதான் இருந்தது. ஒரு கை வாரிக் கொண்டு போக, மறு கை கிள்ளிக் கொடுத்தது. கொடுத்த கை வேறு, வாரிய கை வேறு என்பது உண்மையே. ஆனால் பசித்தவனுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்?

நம்மவர்கள் மட்டும் கையைக் கட்டிக் கொண்டு இருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். தாது வருஷத்துக்கு ஒன்பது வருஷம் முன்னால், 1867-ம் வருஷம் மே மாதத்தில், வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். சாதி, மதம் கேளாமல் பசித்தவர் அனைவருக்கும் சோறு என்பது அதன் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியைக் கதை என்று சொல்லுகிறவர்கள் வடலூருக்குப் போய் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வரட்டும்.

வங்காளம் ஈன்ற மூவர்

அன்னதானம் உயர்ந்த தருமம்; ஆனால் பசிக்கு அது முடிவான மருந்து அல்ல என்பதைக் காந்தியடிகள் இராட்டையைக் கையில் எடுத்தபோதே எடுத்துரைத்தார். வேலை இல்லாதவனுக்கு வேலையும் அதற்குக் கூலியாக உணவுமே வேண்டும் என்பதும், உழைக்கக் கூடியவனுக்கு இலவசச் சோறு போடுவது அவனை அவமதிப்பது என்பதும் அவருடைய கொள்கை. கதரியக்கத்தின் உயிர்நாடி அதுவே. நம் மாகாணத்தில் 1935-ம் வருஷம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் இதே நோக்கத்தோடுதான். கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று எல்லோரும் அறிந்த ஸ்தாபனம் அது.

பிறகு 1943 வந்தது. வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் பசியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மாண்டார்கள். கல்கத்தாத் தெருக்களில் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தி விழுந்து இறந்தார்கள். அந்தக் கோர நிகழ்ச்சி மூன்று இந்தியர்களின் உள்ளத்தில் அழியாத வடுவை உண்டாக்கியது. பின்னால் மூவருமே உலகத்துக்கு வழிகாட்டினார்கள்.

ஒருவர், வங்காளத்தில் நிவாரண கமிஷனராயிருந்து அந்தக் காட்சிகளை நேரில் கண்ட பினய் ரஞ்சன் சென். இன்னொருவர், அப்போது ஒன்பது வயதுப் பையனாயிருந்த அமர்த்தியா சென். மூன்றாமவர் நம் கும்பகோணத்துப் பிள்ளை. 1925-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். டாக்டரின் மகனாகிய அவர், வங்காளப் பஞ்சச் செய்தியைப் படித்த பிறகு வைத்தியப் படிப்பு வேண்டாம், விவசாயப் படிப்பே வேண்டும் என்று கோயம்புத்தூருக்குப் போனார்.

அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில், 1943-ல் வங்காளத்தில் அரிசி அடியோடு இல்லாமற் போய்விடவில்லை என்று கணக்குக் காட்டினார். சந்தையில் அரிசி இருந்தது. வாங்குவதற்கு விவசாயக் கூலிக்கும் செம்படவனுக்கும் கைத்தொழிலாளிக்கும் சக்திதான் இல்லை. நெல் விளைந்தும் புடவை விற்காத வருஷம் எங்களுக்குப் பஞ்சம் என்று போளூர்ப் பக்கத்துப் பெரியவர் சொன்னாரே, அதே விஷயந்தான்! 1998-ல் அமர்த்தியா சென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரியவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஜனங்கள் தொடுத்த யுத்தம்

1942-ல், யுத்தத்தின் நடுவே, கிரீஸ் தேசத்தை ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்தார்கள். அந்தத் தேசத்தைச் சுற்றிப் பிரிட்டிஷ் கப்பற்படை முற்றுகை போட்டிருந்தது. இடையில் அகப்பட்ட கிரேக்கர்கள் பட்டினியால் மடிந்தார்கள். "எதிரி வசமிருந்தால் என்ன? குழந்தைகளுக்கு உணவு போகவே வேண்டும்" என்று ஆக்ஸ்போர்டு நகரத்தில் சில பெரியோர்கள் கூடிக் கமிட்டி அமைத்தார்கள். தங்கள் சொந்தச் சர்க்காரின் யுத்தக் கொள்கையை எதிர்த்துப் பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தக் கமிட்டியே இன்று ஆக்ஸ்ஃபாம் என்ற பெயருடன் உலகெங்கும் வேலை செய்கிறது. 1951-ல் பீகாரில் பஞ்சம் தலை காட்டியபோது அது நம் தேசத்துக்கும் உதவி திரட்டியது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1945-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பிறந்தது. 1956-ல் அதன் டைரக்டர் ஜெனரலாக நம் பினய் ரஞ்சன் சென் தேர்ந்தெடுக்கப்பட்டார். சர்க்கார்கள் மட்டும் கூடிப் பேசினால் பசி தீராது, சாதாரண ஜனங்களைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று அவர் கண்டு கொண்டார். 1960-ம் வருஷம் ஜூலை முதல் தேதி "பசியிலிருந்து விடுதலை" என்னும் உலக இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். "விடுதலை" என்ற சொல்லை ஓர் இந்தியர் தேர்ந்தெடுத்தது தற்செயலாயிருக்குமா? மாதர் சங்கங்கள், மாணவர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், மத ஸ்தாபனங்கள் எல்லாம் இதில் சேர்ந்தன. 1963-ல் நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் உள்ளிட்ட பலர் ரோமாபுரியில் கூடி, பசியின்றி வாழ்வது மனிதனின் உரிமை என்று அறிக்கை விடுத்தார்கள். அந்த வருஷம் பல தேசங்கள் இந்த இயக்கத்துக்காகத் தபால் தலை வெளியிட்டன, இந்தியாவும் வெளியிட்டது. தாத்தாவின் பழைய ஆல்பம் வீட்டிலிருந்தால் நேயர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

பிடி அரிசியும் பால் பவுடரும்

இந்த உலக இயக்கம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தை ஆரம்பித்து வைத்தபோது, அதன் அஸ்திவாரம் சர்க்கார் கஜானா மட்டும் அல்ல; ஊராரின் பிடி அரிசியும் சேர்ந்ததே. கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று பொது ஜனங்களின் ஒத்துழைப்பைத் திரட்டினார். கிராமத்துப் பெண்மணிகள் தங்கள் வீட்டு உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைத்தார்கள்.

பிறகு 1961 முதல், "கேர்" என்னும் அமெரிக்கத் தர்ம ஸ்தாபனம் பால் பவுடரும் எண்ணெயும் கோதுமைப் பண்டமும் அனுப்பிற்று. அந்நாளில் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் கோதுமை உப்புமாவின் வாசனை இன்னும் நினைவிருக்கும். சிலர் ஆசையோடு சாப்பிட்டார்கள். சிலர் மூக்கைப் பிடித்துக் கொண்டு சாப்பிட்டார்கள். எப்படியானாலும் வயிறு நிறைந்தது.

ஆனால் அயலார் கொடை என்றைக்கும் நிலைப்பதில்லை. அமெரிக்க தேசம் தன்னிடம் மிகுந்த கோதுமையைக் கொடுத்தபோது, கூடவே தன் ராஜ தந்திரத்தையும் கட்டி அனுப்பிற்று என்பதை 1966-ல் பீகாரில் வறட்சி வந்தபோது டில்லி நன்றாக உணர்ந்தது. கப்பல் வருமா, வராதா என்று துறைமுகத்தைப் பார்த்துக் கொண்டு நிற்பது ஒரு சுதந்திர தேசத்துக்கு அழகா? சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகளும் வயலில் இறங்கிய குடியானவர்களும் சேர்ந்து அந்த நிலையை மாற்றினார்கள். 1987-ல் உலக உணவுப் பரிசு முதன் முதலாக ஏற்பட்டபோது அதைப் பெற்றவர் சுவாமிநாதனே. அந்தப் பணத்தை முதலாகக் கொண்டு 1988-ல் சென்னையில் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார். கொல்லி மலையில் அழிந்து கொண்டிருந்த சாமை, தினை முதலிய சிறு தானியங்களைக் காப்பாற்றி, அவற்றைக் குத்தி உமி நீக்கும் சிரமம் பெண்களுக்குக் குறையும்படி சிறு இயந்திரங்களை வைக்கவும் அந்த ஸ்தாபனம் உதவியது. 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அவர் காலமானார்.

மதிய உணவோ வளர்ந்து கொண்டே போயிற்று. 1982 ஜூலை முதல் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டமும் துவங்கிற்று. கட்சிகள் மாறின, அடுப்பு மாறவில்லை. நம் அரசியலில் இப்படி ஒரு விஷயமாவது இருப்பது பெருமைப்படத் தக்கதே.

தானம் அல்ல, உரிமை

2001-ம் வருஷத்தில் நம் தேசத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. சர்க்கார் களஞ்சியங்களில் தானியம் வழிந்தது. ராஜஸ்தானம் முதலிய இடங்களில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். "இது என்ன நியாயம்?" என்று மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவ்வருஷம் நவம்பர் 28-ந் தேதி கோர்ட்டார், தேசமெங்கும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு போடவேண்டுமென்று உத்தரவிட்டார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தட்டேந்தி வரிசையில் நின்று சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் கர்வம் ஏற்பட்டால் குற்றமில்லை. அந்த வழக்கைச் சுற்றி வளர்ந்த இயக்கத்தின் பலனாக 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்தபோதும், ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் என்னும் தன் பழைய வழக்கத்தை விடவில்லை.

உலக அரங்கிலும் இதே மாறுதல். 1948-ம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்திலேயே உணவு இடம் பெற்றிருந்தது. ஆனால் அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடாதபடி பார்த்துக் கொண்டவை ஜன ஸ்தாபனங்கள். 1986-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் தோன்றிய ஃபியான் என்னும் சங்கம் உணவு உரிமை ஒன்றையே தன் வேலையாகக் கொண்டது. 1993-ல் பல தேசத்துக் குடியானவர்கள் ஒன்று சேர்ந்து "லா வியா கம்பெஸினா" என்ற பேரியக்கத்தை அமைத்தார்கள். 1996-ல் ரோமாபுரியில் உலக உணவு மகாநாடு கூடியபோது, இவர்கள் "உணவுச் சுயராஜ்யம்" என்று நாம் சொல்லத்தக்க ஒரு கோரிக்கையை முன் வைத்தார்கள். என்ன பயிரிடுவது, எப்படிப் பயிரிடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தந்த ஜனங்களே, கடல் கடந்த கம்பெனிகள் அல்ல என்பது அதன் சாராம்சம். சுதேசிக் கிளர்ச்சி நடத்திய நமக்கு இது புதிய பாடமா? 2009-ல் உலக உணவுப் பாதுகாப்புக் கமிட்டியைச் சீர்திருத்தியபோது, சர்க்கார் பிரதிநிதிகளின் நடுவே குடியானவர், செம்படவர், ஆதிவாசிகள் ஆகியோரின் ஸ்தாபனங்களும் உட்கார்ந்து பேச இடம் அளிக்கப்பட்டது.

நெசவாளியின் இரண்டாவது பஞ்சமும் இந்தச் சர்வதேச முயற்சியின் கண்ணில் பட்டது. காசியில் பட்டு நெய்யும் குடும்பங்கள் தொழிலிழந்து பட்டினி கிடந்தபோது, அவ்வூர் மனித உரிமைச் சங்கமொன்று விவரம் சேகரிக்க, ஹாங்காங்கிலுள்ள ஆசிய மனித உரிமைக் கமிஷன் என்னும் தனியார் ஸ்தாபனம் அதை உலகெங்கும் கடிதமாக அனுப்பிற்று. காசிச் சந்து ஒன்றில் குழந்தை வாடினால், முகமறியாத அயல் தேசத்தார் கலெக்டருக்குக் கடிதம் எழுதினார்கள். 1877-ல் பணம் வந்தது. இப்போது கேள்வி வந்தது. பணத்தைக் காட்டிலும் கேள்விக்கு அதிகாரிகள் அதிகமாகப் பயப்படுவார்கள்.

அடுப்பும் தறியும்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தேசம் முழுதும் அடைக்கப்பட்டது. பங்குனி கழிந்து சித்திரையும் வைகாசியும் முகூர்த்த காலம். கல்யாணங்கள் நின்றன, நடந்தவையும் பத்துப் பேருடன் நடந்தன. பட்டுப் புடவை யார் வாங்குவார்? ஆரணியிலும் போளூரிலும் காஞ்சீபுரத்திலும் தறிச் சத்தம் அடங்கிற்று. பெரியவர் சொன்ன இரண்டாவது பஞ்சம் இதுதான். ஆயினும் தாது வருஷத்தைப் போல் தெருவில் பிணம் விழவில்லை. ஏன்? ரேஷன் கடை திறந்திருந்தது. இலவச அரிசி கிடைத்தது. அரிசி கிடைத்தது என்றோமே தவிர, பாலும் காய்கறியும் கிடைத்ததாகச் சொல்லவில்லை. வாங்கிய முன்பணக் கடனும் தன்னால் தீர்ந்து விடவில்லை.

உயிர் போகாமலிருப்பது ஒன்று. உடம்பு வலுவாயிருப்பது வேறொன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது. வயிறு நிறைந்தும் உடம்பு வாடும் இந்த மறைந்த பசி, தார் சுற்றும் பெண்மணியையே முதலில் பிடிக்கும். ஏனெனில், வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் அவள்தானே? ஜவ்வாது மலைச் சரிவில் விளையும் சாமை மலையிலிருந்து இறங்கிப் போளூர்ச் சந்தைக்கு வருகிறது. அது தொலைதூரப் பட்டணங்களின் கண்ணாடிக் கடைகளுக்குப் போவதற்கு முன், கீழேயுள்ள தறிக்காரர் வீட்டுப் பானைக்கும் கொஞ்சம் போனால் நலமாயிருக்கும்.

உலக நிலையைச் சற்றே பார்ப்போம். 2024-ம் வருஷத்தில் சுமார் 67 கோடி மக்கள் பசியால் வாடியதாக ஐக்கிய நாட்டு ஸ்தாபனங்கள் கணக்கிட்டன. சூடான் தேசத்தில் உள்நாட்டு யுத்தத்தால் பஞ்சம் ஏற்பட்டுவிட்டதாக அதே வருஷம் உறுதி செய்யப்பட்டது. பெரிய ஸ்தாபனங்களின் லாரிகள் புக முடியாத தெருக்களில், அவ்வூர் வாலிபர்களும் பெண்களும் "அவசர உதவி அறைகள்" என்று அமைத்து, பொது அடுப்பு மூட்டி, அண்டை வீட்டாருக்குச் சோறு போட்டார்கள். 2025-ன் ஆரம்பத்தில் அமெரிக்க சர்க்கார் அயல்நாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியபோது அந்த அடுப்புகளில் பெரும்பாலானவை அணைந்தன. பிறகு கையில் கிடைத்ததைக் கொண்டு பலவற்றை மறுபடியும் மூட்டினார்கள். அந்த வருஷம் அவர்களுடைய சேவைக்கு ரைட் லைவ்லிஹுட் என்னும் சர்வதேசப் பரிசு அளிக்கப்பட்டது. வடலூரில் அடிகள் மூட்டிய அடுப்புக்கும் கார்ட்டூமில் வாலிபர்கள் மூட்டிய அடுப்புக்கும் என்ன பேதம்? ஒன்றே ஒன்றுதான்: வடலூர் அடுப்பின் விறகு அண்டை அயலில் கிடைத்தது.

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் நமக்குத் தோன்றும் முடிவு இது. பசியை வெல்வதற்கு மூன்று வேண்டும். இன்று பசித்தவனுக்கு இன்றே சோறு வேண்டும், அது தருமம். நாளைக்கும் அந்தச் சோறு யாருடைய தயவையும் எதிர்பாராமல் வரவேண்டும், அது உரிமை. நாளை மறுநாள் அவன் தன் கைத் தொழிலால் சோறு சம்பாதிக்க வேண்டும், அது சுயராஜ்யம். முதல் இரண்டிலும் தமிழ்நாடு வெகு தூரம் முன்னேறியிருக்கிறது. மூன்றாவதில்தான் பாக்கி இருக்கிறது.

அந்த மூன்றாவது காரியத்துக்கு ஐக்கிய நாட்டு ஸ்தாபனமும் வேண்டாம். ரோமாபுரி மகாநாடும் வேண்டாம். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்கும் மோசடியைத் தடுக்க வேண்டும். நெய்தவனுக்குக் கூலி சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் கல்யாணம் வரும்போது கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் ஒரு புடவையாவது எடுக்க வேண்டும். அந்தப் புடவைக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசிப் பிடுங்கிய ஒவ்வொரு ரூபாயும் யாருடைய தட்டிலிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் ஞாபகமாக அந்தத் தேதியே 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. சுவாமிநாதன் பிறந்த தேதியும் அதுவே என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஏரும் தறியும் ஒரே நாளைப் பங்கு போட்டுக் கொண்டிருப்பது யதேச்சையாக நேர்ந்ததே என்றாலும் பொருத்தந்தான்.

விடை பெற்றுக் கொள்ளும்போது பெரியவரிடம், "உங்கள் பிள்ளையும் நெய்கிறாரா?" என்று கேட்டோம். "இல்லீங்க. வேலைக்குப் போயிட்டான். இந்தத் தறி என்னோட சரி" என்றார். வருத்தமாகவும் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் சொல்லவில்லை. தறியில் பாதி நெய்த புடவை இருந்தது. கரையில் மயில்கள் வரிசையாக நின்றன. யாரோ ஒரு பெண் அதை உடுத்தி மணையில் உட்காரப் போகிறாள்.

மூலையிலிருந்த அம்மாள் தாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "சாப்பிடாம போறீங்களே, ஒரு வாய் மோராவது குடிச்சுட்டுப் போங்க" என்றாள். குடித்தோம். பசிக்கு மருந்து தேடி உலகத்தையே சுற்றி வந்த நமக்கு, முதலில் உபசாரம் செய்தது இரண்டு பஞ்சம் அறிந்த அந்த வீடுதான்.